கங்காணியிடம் சொல்லியாச்சு

மார்ச் 9, ஞாயிறு

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளின் கரண்டு மீட்டர்களுக்கெல்லாம் நான் விடுமுறை கொடுத்தேன். கறுப்பு டேப்பை வெட்டி ஒவ்வொரு மீட்டரின் கண்ணாடி மேலும் ஒட்டி, வெள்ளை பேனாவில் ‘இன்று லீவு’ என்று எழுதி வைத்தேன். எல்லாம் பெரியப்பாவுக்காக.

பெரியப்பா கரூரில் மின்சார வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். அவர் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியும் அவருடைய டார்ச் லைட் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் லயம் முழுக்க நடந்து, யார் வீட்டில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சத்தமாகப் படிப்பார். யாரும் கேட்டதில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

டேப்பைப் பார்த்தார். கண்ணாடி கீறாமல் நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தார். கடைசி மீட்டரில் நின்று, நான் ஒளிந்திருந்த கோழிக்கூண்டுப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “ஏனுங்க அம்மிணி, கரண்டுக்கு லீவு உட்டுட்டா நாளைக்கு உங்க போனுக்கு யாருங்க சோறு போடறது?”

தோற்றேன். பதினேழு வயசுப் பெண்ணை ‘ங்க’ போட்டுக் கூப்பிடுகிற ஒரே ஆள் இந்தத் தோட்டத்தில் அவர்தான்.

மார்ச் 17, திங்கள்

நாளைக்கு முகம் காட்டும் நாள். பெரியப்பா இன்றே முகத்தை ஷேவ் செய்து தயாராக வைத்துவிட்டார்.

இது என்ன என்று பிற்காலத்தில் நானே மறந்துவிடுவேன், அதனால் எழுதி வைக்கிறேன். அம்மாவின் அக்கா ரஞ்சிதம் பெரியம்மா இங்கே பிறந்தவள். கல்யாணமாகிக் கரூர் போனாள். இவர் ரிட்டயர் ஆனதும், “உங்க ஊர்ல முப்பது வருசம் இருந்தாச்சு, இனி என் ஊரு” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கோலா தெர்லாவில் ஒரு வாடகை வீடு எடுத்தார்கள். அவள் மலேசியக்காரி, இவர் இந்தியாக்காரர். மனைவி பெயரில் இவருக்கு இங்கே தங்கப் பாஸ். போன வருஷம் ஜூனில் பெரியம்மா போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. குடிநுழைவு ஆபீசில் பாவம் பார்த்து ஒரு வருஷம் நீட்டித் தந்தார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து முகம் காட்ட வேண்டும், அம்மா ஜாமீன்.

கரூர் பென்ஷன் ஆபீசுக்கோ வருஷா வருஷம் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். ஒரு அரசாங்கத்துக்கு ‘இருக்கேன்’, இன்னொரு அரசாங்கத்துக்கு ‘இங்கேதான் இருக்கேன்’. இதற்கு நடுவில் மனுஷன் எப்போது இருப்பது?

மார்ச் 18, செவ்வாய்

எங்கே ஆரம்பிப்பது.

அம்மா, பெரியப்பா, நான் மூன்று பேரும் விடியற்காலை வேனில் மலையிறங்கினோம். நான் ஸ்கூலுக்கு மட்டம், ஏனென்றால் மலாய் பேசும் வாய் வீட்டில் என்னுடையதுதான். வழியெல்லாம் கடித்துக்கொண்டே போனேன். “குடிநுழைவுத் துறைன்னு பேரு வச்சிருக்காங்க. நீங்க குடிக்கிறதும் இல்ல. எப்படி உள்ள நுழைய விடுவாங்க?” பெரியப்பா சிரித்தார். அதுதான் இன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

கவுண்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா. திரையைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், மறுபடி திரையை. போன மாதம் ஆட்கள் கோலா தெர்லா வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்களாம். சீருடையைக் கண்டதும் உள்ளே இருந்தவர்கள் பின்வாசல் வழியாகக் கோபிஸ் தோட்டத்து முட்டைக்கோஸ் வரிசைகளுக்குள் ஓடிவிட்டார்களாம். வீட்டில் யாரும் இல்லை. ஆகவே திரையில்: இந்த முகவரியில் ஆள் இல்லை.

அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து அண்ணன்கள். பெரியம்மா போன அடுத்த மாதமே, தனியாக விடக்கூடாது என்று அம்மா பெரியப்பாவை இங்கே கொண்டுவந்துவிட்டாள். அப்பாவின் லோரியில் கட்டிலோடு ஏற்றி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த லயத்து வீட்டில் இறக்கினோம்.

“வீடு மாறியதை அறிவித்தீர்களா?” என்று அந்த அம்மா கேட்டார்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “சொல்லியாச்சே.”

“யார்கிட்ட?”

“கங்காணிகிட்ட.”

நான் மண்டோர் என்று மொழிபெயர்த்தேன். வேறு எப்படிச் சொல்வது? அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “மண்டோர் எங்கள் இலாகாவில் வேலை செய்கிறாரா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மட்டும்தான் சிரித்தேன்.

ஆனால் அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். செத்தால் சொல்ல வேண்டும். பெண் பெரியவளானால், பையன் ஓடிப்போனால், கூரை ஒழுகினால், வீடு மாறினால் — சுப்பன் கங்காணியிடம் ஒரு வார்த்தை. அதோடு முடிந்தது. அவர் மேலே சொல்லிக்கொள்வார். மேலே என்பது எதுவரைக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. நான் பிறந்ததே கங்காணிக்குத்தான் முதலில் தெரியும். கோபிஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்த அப்பாவுக்கு மறுநாள்தான்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஸ்பெஷல் பாஸ் கொடுத்தார்கள். ஒரு மாதம் தாங்கும். அதற்குள் தோட்டத்து மேனேஜர் கையெழுத்தோடு, இவர் இங்கேதான் குடியிருக்கிறார் என்று கடிதம் வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பும்போது வேனில் பெரியப்பா கேட்டார்: “அப்ப நான் இத்தன நாளா எங்கீங்க இருந்தேன்?”

மார்ச் 19, புதன்

சுப்பன் கங்காணி வீட்டுக்குப் போனோம். மனுஷன் உரம் போட்டுவிட்டு அப்போதுதான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட சொன்னீங்க. இல்லன்னு சொல்லல. நான் அன்னிக்கே கிராணிகிட்ட சொல்லிட்டேன். அதுக்கு மேல யாருகிட்ட லா சொல்லணும்? எங்கப்பா காலத்திலேர்ந்து இப்படித்தான் சொல்றோம்.”

“கங்காணி, இது கவர்மெண்டு,” என்றாள் அம்மா.

“தோட்டத்துக்குள்ள எது கவர்மெண்டு திலகம்?” என்று அம்மாவைக் கேட்டார்.

அவர் குரல் எனக்கு அத்துபடி. காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குக் கூப்பிடுகிற அந்தக் குரலில் நான் சுவருக்குப் பின்னாலிருந்து கத்தினால் பாதி லயம் கூடையும் கையுமாக ஓடிவரும். இன்றைக்கு அந்தக் குரலே கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

மார்ச் 22, சனி

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி புவனேஸைப் பார்த்தோம். நல்லவர். நல்லவர் என்பதால்தான் இவ்வளவு பயமாக இருந்தது.

ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். பெரியப்பா இருக்கிற வீடு ஆபீஸ் கணக்கில் ‘காலி, ரிப்பேர்’. வாய்க்கு வாய் சொன்னதை அவர் எழுத்தில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் அன்றைக்கே கிடையாது என்று ஆகியிருக்கும். லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் மட்டும்தான்.

“லெட்டர் கேட்டா மேனேஜர் நேர்ல வந்து பாப்பாரு அக்கா. பாத்தா மொதல்ல இவர எறக்கிடுவாரு. அப்புறம் யாரு குடி வச்சதுன்னு கேப்பாரு. நீங்கதான்னு தெரிஞ்சா உங்க வீட்டையும் திருப்பிக் கேப்பாங்க. அப்புறம் கங்காணி. அவரு அடுத்த வருசம் ரிட்டயர்.”

“அப்ப லெட்டர் கெடைக்காதா?”

“கேட்டா கெடைக்கும்போல இருக்கு. ஆனா அந்த லெட்டர் வரும்போது அவரு அந்த வீட்ல இருக்கமாட்டாரு.”

இதை நான் ஜோக்காக எழுத முயன்றேன். இங்கே இருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் இங்கேயிருந்து வெளியே போக வேண்டும். இதற்கு மேல் நான் என்ன சேர்ப்பது? அது தானாகவே முழுசாக இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

டார்ச் லைட் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா வீட்டில் இருந்தார். எல்லோரும் உட்கார்ந்து யோசித்தோம். யோசனை என்றால் ஆளுக்கு ஒரு தடவை “சூசா லா, கஷ்டம்தான்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிப்பது.

நான் ஒரு பிளான் போட்டு வைத்திருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பிளான் போட்டதில்லை. கோலா தெர்லா வீட்டுக்கே பெரியப்பாவின் கட்டில், பெரியம்மா படம், வேட்டி, செருப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய் முன்னறையில் வைத்துவிடுவது. அந்த அண்ணன்களிடம் நானே பேசிவிட்டேன். அவர்கள் தலைவர் மாதிரி இருந்தவர் சரி என்றுகூடச் சொல்லிவிட்டார். பிறகு ஆபீசுக்குப் போன் செய்து, ‘அன்றைக்குக் கடைக்குப் போயிருந்தேன், மறுபடி வந்து பாருங்கள்’ என்று சொல்வது. முகவரி மாறவே இல்லை. கங்காணி இல்லை, மேனேஜர் இல்லை, யாருக்கும் ஆபத்து இல்லை.

அப்பாவே அசந்துவிட்டார். “வாலு, உருப்படியா ஒண்ணு யோசிச்சிருக்க.”

பெரியப்பா மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மறுபடி ஆபீசருங்க வருவாங்கள்ல அம்மிணி?”

“வரணும். அதுக்குத்தானே.”

“அப்ப அந்தப் பசங்க?”

கேட்டுவிட்டுப் பெரியப்பா டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“போன தடவை ஓடிட்டாங்க. இந்தத் தடவை நாமளே கூப்பிட்டு வரோம்ங்க. எனக்கொரு வீடு காட்டறதுக்கு அவங்க மறுபடி கோபிஸுக்குள்ள ஓடணும்ங்களா?”

அவர்களிடம் காகிதம் சரியாக இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. சரி என்று சொன்ன அந்த அண்ணனின் முகத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் கேட்டதால் சொன்னார். யாராவது எதையாவது அழுத்திக் கேட்டால் சரி என்று சொல்லிப் பழகிய முகம் அது.

என் பிளானெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது. யாராவது ஓட வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டாம் தடவை மலையிறங்கினோம். மேனேஜர் கடிதத்துக்குப் பதிலாகக் கோயில் கமிட்டித் தலைவர் கடிதம். ‘இவர் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் சீரியல் பல்பு வேலையெல்லாம் இலவசமாகச் செய்து கொடுத்தவர்’ என்று எழுதியிருந்தது. நான்தான் மலாயில் மாற்றி எழுதினேன்.

அதே மூக்குக்கண்ணாடி அம்மா. முழுதாகப் படித்தார். நல்ல மனிதர் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கோயில் முகவரிக்குச் சாட்சி சொல்ல முடியாது என்றார். மேல்முறையீடு எழுதிக் கொடுங்கள், ஆட்கள் லயத்துக்கே வந்து பார்ப்பார்கள் என்றார். எப்போது? நேரம் எடுக்கும். அதுவரைக்கும் பாஸ்? மே மாதக் கடைசிவரை. அதற்கு மேல் இந்தக் கவுண்டரில் அவரால் நீட்ட முடியாதாம்.

எழுதிக் கொடுத்தோம். முகவரி என்ற இடத்தில் அம்மா எங்கள் வீட்டு நம்பரைச் சொன்னாள், பக்கத்து வீட்டு நம்பரை இல்லை. கங்காணிக்காக. அந்தளவு பொய்க்குப் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு எங்கள் வீட்டில்தானே.

வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் பெயிலாகாத மனுஷன். பாஸ் ஒன்றில்தான் பெயில். இதைக் காலையில் சொல்லலாம் என்று தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை.

மே 1, வியாழன்

இன்னும் யாரும் வரவில்லை. நாய் குரைத்தால் அம்மா கதவைத் திறந்து பார்க்கிறாள்.

மே 4, ஞாயிறு

அம்மா முடிவு எடுத்துவிட்டாள். சோறு வடித்துக்கொண்டே சொன்னாள், கொத்தமல்லி இல்லை என்பது மாதிரி. “நாளைக்கு மேனேஜர்கிட்ட நானே போயி கேக்கிறேன். வீட்ட எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்கட்டும்.”

“எடுத்துட்டா எங்கம்மா போறது?”

“பிரிஞ்சாங்ல ரூம் பாக்கலாம்.”

பிரிஞ்சாங்கில் ரூம் வாடகை என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயங்காலம் சுப்பன் கங்காணி வந்தார். அவருக்கு யார் சொன்னார்களோ. அவருக்குத்தான் எல்லாம் தெரிந்துவிடுமே. உள்ளே வரவில்லை. வாசல் கல்லில் உட்கார்ந்து ஒரு சிகரெட் முழுசையும் குடித்தார்.

“கேளு திலகம். நான்தான் வச்சேன்னு சொல்லு. என் பேர மறைக்காத,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பெரியப்பா பக்கத்து வீட்டில்தான் இருந்தார். நடுவில் பலகைச் சுவர். தும்மினால்கூடக் கேட்கும்.

மே 5, திங்கள்

அம்மா பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அப்படியே மேனேஜர் ஆபீசுக்குப் போவதாக இருந்தாள். நான் ஸ்கூல் விட்டு வந்தபோது அவள் ஆபீசுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் பெரியப்பா. மேசை மேல் ஒரு காகிதம்.

காலையில் தனியாகப் பஸ் ஏறித் தானா ராத்தா டவுனுக்குப் போயிருக்கிறார். ஒரு வார்த்தை மலாய் தெரியாமல். கடையில் பிளேன் டிக்கெட் வாங்கிவிட்டு, அங்கேயிருந்து நேராக அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நடந்து வந்து காட்டியிருக்கிறார்.

“வாங்கிப்போட்டனுங்க. இனி கேக்க வேண்டாம்.”

“அத்தான், யார கேட்டு வாங்கினீங்க?” அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு ஆளு இருக்கறதுக்கு மூணு குடும்பத்த நகத்த வேண்டாம் திலகம்.”

“அங்க யாரு இருக்கா உங்களுக்கு?”

கூட வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டு மாடியில் ஓர் அறையாம். சாப்பாடு மெஸ்ஸில். இதையும் போனில் பேசி முடித்துவிட்டிருக்கிறார். எப்போது பேசினார்? சுவர் இவ்வளவு மெல்லியது, எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லையே.

மே 11, ஞாயிறு

ஆபீசுக்கு ஒவ்வொரு நாளும் போன் செய்கிறேன். மேல்முறையீடு பார்வையில் இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். யார் பார்வையில்? பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் போல. இன்றைக்கு ஞாயிறு என்பதுகூடத் தெரியாமல் அடித்தேன், மணி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

மே 18, ஞாயிறு

பெரியப்பாவின் ஷூவில் ஒன்றை எடுத்து விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. ஒரு ஷூவோட பிளேன் ஏற முடியாதுல்ல. தேடட்டும். திட்டட்டும். ஏதாச்சும் சொல்லட்டும்.

அவர் தேடவில்லை. மிச்சமிருந்த ஒற்றை ஷூவை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, செருப்பைத் துடைத்துப் பையோடு வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நானே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

“கெடச்சுருச்சுங்களா,” என்றார். அவ்வளவுதான்.

கடவுளே இது என்ன விளையாட்டு. நான் சின்னப் புள்ளையா?

மே 20, செவ்வாய்

போய்விட்டார்.

ஆபீசில் பாஸ்போர்ட்டை ஒரு முத்திரையோடு கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அம்மா பொட்டலம் பொட்டலமாகத் தேயிலைத் தூள் கொடுத்தாள். கரூரில் தேயிலைத் தூள் கிடைக்காதா என்று நான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இப்போதெல்லாம் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடுகிறது.

பெரியம்மாவின் முதல் திவசம் அடுத்த மாதம். “நீங்க இங்க பண்ணிருங்க. நான் அமராவதில எறங்கிப் பண்ணிக்கறேன். எங்க பண்ணாலும் அவளுக்குப் போயிரும்ங்க,” என்றார் அம்மாவிடம். என்னிடம், “பரீட்சைக்குப் படிங்க அம்மிணி.” இவ்வளவு சாதாரணமாக. கடைக்குப் போகிற மாதிரி.

அப்பா லோரியில் இருந்ததால் வரவில்லை. கங்காணி வந்திருந்தார். தூரத்தில், டிக்கெட் கவுண்டர் பக்கம் நின்றார். பஸ் கிளம்பிய பிறகுதான் கிட்டே வந்தார்.

ஜூன் 12, வியாழன்

திவசம். வாழையிலை கிடைக்கவில்லை, பிரிஞ்சாங்கில் ஒரு கடையில் பிளாஸ்டிக் இலை வாங்கினோம். அம்மா அதைப் பார்த்து அழுதாள். இலைக்காக என்று சொன்னாள்.

ஜூன் 22, ஞாயிறு

போன். சத்தம் விட்டு விட்டு வந்தது. மாடி அறையில் வெயில் அதிகமாம். கீழே மெஸ்ஸில் மிளகாய் அதிகமாம். பேச்சுக்கு நடுவில் நிறைய நேரம் ஒன்றும் கேட்கவில்லை, லைன் போய்விட்டது என்று நினைத்து வைக்கப் போனேன். இருந்திருக்கிறார். சும்மா இருந்திருக்கிறார்.

பக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது. காலி, ரிப்பேர். கிராணியின் கணக்கு இப்போதுதான் சரியாக இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

காய்ச்சல் என்று ஸ்கூலுக்குப் போகவில்லை. பாதி நிஜம்.

மத்தியானம் நாய் குரைத்தது. அம்மா வேலை முடிந்து அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளை வேன், இரண்டு பேர். ஒருவர் வயசானவர், இன்னொருவர் என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மேல்முறையீட்டுக்காக முகவரி பார்க்க வந்திருப்பதாக வயசானவர் சொன்னார். திரு நாச்சிமுத்து இங்கேதான் குடியிருக்கிறாரா?

எனக்கு ஒரு நிமிஷம் ஆம் என்று சொல்லலாம் என்று தோன்றியது. கடைக்குப் போயிருக்கிறார் என்று. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். கொடியில் அவருடைய பழைய துண்டுகூடக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அதை எடுத்துத் துவைத்துப் போட்டிருந்தாள்.

இல்லை, மே மாதம் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றேன்.

சின்னவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ‘ஓ’ என்றார். பிறகு சுவரில் இருந்த பெரியம்மா படத்தைப் பார்த்து, இவர்தான் மனைவியா என்று கேட்டார். ஆம் என்றேன். அம்மா தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். யார் வந்தாலும் போடுவாள். குடித்தார்கள்.

இப்போது எந்த முகவரியில் இருக்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். தெரு, மெஸ்ஸுக்கு மேலே மாடி, கரூர், பின்கோடு. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். சின்னவர் எழுதிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் இந்த ஆபீசுக்கு ஒரு முகவரி மாற்றத்தை முறையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு காகிதத்தை அம்மா பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

“எதுக்கு இது?” என்றாள் அம்மா என்னிடம்.

“அவரு இங்க இல்லன்னு, ஜாமீன்காரங்க எழுதிக் கொடுக்கிறது.”

“நான் போய் எப்படிடி இல்லன்னு எழுதிக் கொடுப்பேன்?”

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பெரியவருக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் அவசரப்படுத்தவில்லை. குடும்பத்தில் வயதுவந்த வேறு யாராவது போட்டாலும் போதும் என்றார். அப்பா தாப்பா பக்கம் எங்கேயோ லோரியில் இருந்தார்.

“இந்தப் பெண்ணுக்கு எத்தனை வயசு?” என்று கேட்டார்.

போன வாரம் பதினெட்டு முடிந்தது என்று சொன்னேன்.

அம்மா பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

நான் கையெழுத்துப் போட்டேன்.